மக்கும் பை எங்கே மக்கும்?

சில வாரங்களுக்கு முன், பிச்சாவரத்தை அடுத்த சிற்றூர் ஒன்றிலிருந்து, நாட்பட்ட கணைய அழற்சிக்காக என்னிடம் மருத்துவம் பெற்றுவரும் ஒருவர் தம் மனைவியுடன் மறுபரிசோதனைக்கு வந்திருந்தார். அவருடைய கணையம் உணவைச் செரிக்கத் தேவையான நொதிகளைப் போதிய அளவு சுரப்பதில்லை. ஆகவே ஒவ்வொரு வேளை உணவோடும் நொதி கேப்சூல் ஒன்றை அவர் விழுங்க வேண்டியிருக்கிறது. மருந்துச் சீட்டை எழுதி நீட்டியபோது அவருடைய மனைவி ஒரு கேள்வி கேட்டார்.

“சார், இவர் சாப்பிடுற மாத்திரையில என்சைம் இருக்குன்னு சொன்னீங்க. பிளாஸ்டிக்கைக் கரைக்கிறதும் என்சைம்தான்னு எம் பொண்ணு காலேஜ்ல படிச்சிட்டு வந்து சொல்லுது. ரெண்டும் ஒண்ணா?”

வெளியே நாற்பது பேர் காத்திருந்தனர். “ஒரே குடும்பந்தாம்மா, வேலைதான் வேற” என்று மட்டும் கூறி அனுப்பிவிட்டேன். அது அரைகுறையான விடை என்பது அன்று மாலையே உறுத்தத் தொடங்கியது. அதற்குக் காரணமும் உண்டு. அதே வாரத்தில் நம் மருத்துவமனையின் கொள்முதல் குழு, மருந்தகத்திலும் உணவகத்திலும் இனி ‘மக்கும் பை’களையே பயன்படுத்தலாமா என்று ஆராய்ந்துகொண்டிருந்தது. பெரும்பாலோர் ஆதரித்தனர். தயங்கிய மிகச் சிலருள் நானும் ஒருவன். அந்த அம்மையாருக்குச் சொல்லாமல் விட்ட விடையும், குழுவில் நான் தயங்கியதற்கான காரணமும் ஒன்றேயாதலால் இரண்டையும் இங்கே எழுதுகிறேன்.

நொதி என்பது உயிரினங்கள் உண்டாக்கும் ஒரு புரதம். தான் தேயாமல், குறிப்பிட்ட ஒரு வேதிவினையை மட்டும் விரைவுபடுத்துவது அதன் பணி. உமிழ்நீரில் உள்ள அமைலேஸ் சோற்றின் மாவுச்சத்தை உடைக்கும், எண்ணெயைத் தொடாது. கணையத்தின் லைப்பேஸ் கொழுப்பை உடைக்கும், மாவுச்சத்தைத் தொடாது. அந்தந்தப் பூட்டுக்கு அந்தந்தத் திறவுகோல்.

நொதி கேப்சூல் உட்கொள்ளும் நம் நோயாளர்களுக்கு இன்னொரு செய்தியும் தெரியும். அதை மென்று விழுங்கக் கூடாது என்று மீண்டும் மீண்டும் சொல்கிறோம். வெறும் வயிற்றில் விழுங்கக் கூடாது, உணவின் முதற்கவளத்தோடு எடுத்துக்கொள்ள வேண்டும் என்கிறோம். வெயில் படும் இடத்தில் வைக்காதீர்கள் என்கிறோம். இரைப்பையின் கடும் அமிலத்தில் லைப்பேஸ் செயலிழந்துவிடும். எனவே அமிலத்தில் கரையாத பூச்சு ஒன்றின் பாதுகாப்பில் அது சிறுகுடலுக்குச் சென்று சேர்கிறது. அங்கே அமிலத்தன்மை தணிந்த பிறகே பூச்சு கரைந்து நொதி வெளிவருகிறது. நொதி தரமானதாக இருந்தாலும் இடமும் நேரமும் தவறினால் பயனில்லை. கேப்சூலைத் தவறாமல் வாங்கி, உணவு முடிந்து ஒரு மணி நேரம் கழித்து விழுங்கிக்கொண்டிருந்த நோயாளர் ஒருவர் மாதக்கணக்கில் எடை குறைந்துகொண்டே வந்ததை நான் பார்த்திருக்கிறேன். நெகிழியின் கதையும் ஏறத்தாழ இதுவே.

நெகிழி என்பது மிக நீண்ட ஒரு சங்கிலி. மல்லிகைச் சரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். சிலவகை நெகிழிகளில் ஒரு பூவுக்கும் அடுத்த பூவுக்கும் இடையே முடிச்சு இருக்கும். வேதியியலார் அதை எஸ்டர் பிணைப்பு என்பர். நாம் உண்ணும் கொழுப்பிலும் அதேவகை முடிச்சு உண்டு. அதனால்தான் கொழுப்பை உடைக்கும் லைப்பேஸின் உறவினர்களான சில நொதிகள் இந்நெகிழிகளின் முடிச்சையும் அவிழ்க்கின்றன. கடைக்காரர் தரும் சாதாரணப் பாலித்தீன் பையில் அத்தகைய முடிச்சே கிடையாது. அது முழுநீளமும் ஒரே கம்பி போன்றது. நோயாளியின் கையில் ஏறும் சலைன் குழாயும், ஊசிபோடும் சிரிஞ்சும் இந்தக் கம்பி வகையைச் சேர்ந்தவையே. ஆகவே ‘பிளாஸ்டிக்கைத் தின்னும் நொதி’ என்ற செய்தியைப் படித்துவிட்டு, மருத்துவமனைக் குப்பை முழுவதும் இனிக் கரைந்துவிடும் என்று எண்ணிவிட வேண்டாம்.

முடிச்சுள்ள வகையில் இன்று அதிகம் பேசப்படுவது பி.எல்.ஏ. எனப்படும் பாலிலாக்டிக் அமிலம். தயிருக்குப் புளிப்பைத் தரும் லாக்டிக் அமிலம்தான் அதன் ‘பூ’. மக்காச்சோளம், கரும்பு, மரவள்ளி முதலியவற்றின் சர்க்கரையையும் மாவையும் நொதிக்கவைத்து அதைப் பெறுகின்றனர். மெல்லிய பைகளில் பெரும்பாலும் பி.பி.ஏ.டி. என்ற இன்னொரு நெகிழி கலந்திருக்கும். அது பொதுவாகப் பெட்ரோலியத்திலிருந்து வருவது, எனினும் மக்கக்கூடியது. ‘மரவள்ளிக் கிழங்குப் பை’ என்று பெயர் சூட்டி விற்கப்படும் பைகள் எல்லாமே முழுக்கக் கிழங்கால் ஆனவை என்று கருதிவிடக் கூடாது.

இந்த நெகிழிக் குடும்பம் மருத்துவத்துக்குப் புதிதன்று. சிசேரியனோ குடலிறக்க அறுவையோ செய்துகொண்ட உங்களில் பலர் அதை உடலுக்குள்ளேயே சுமந்திருக்கிறீர்கள். ‘தானாகக் கரையும் தையல்’ என்று நாங்கள் சொல்வது அதைத்தான். முற்காலத்தில் ஆடு, மாடுகளின் குடலிலிருந்து எடுத்த இழையால் தைத்தார்கள். உடலின் புரதச் செரிமான நொதிகள் அதைச் சிதைத்தன. 1970களில் கிளைக்காலிக் அமிலம், லாக்டிக் அமிலம் ஆகியவற்றால் ஆன செயற்கை இழைகள் வந்தன. உடலின் நீரே அவற்றின் முடிச்சுகளை அவிழ்க்கிறது. அவ்வகையில் பரவலாகப் பயன்படும் இழை ஒன்று ஏறத்தாழ 56 முதல் 70 நாட்களில் கரைந்துவிடும். ஆனால் பெரிதும் லாக்டிக் அமிலத்தாலேயே ஆன எலும்புத் திருகாணி அதே உடலில், அதே வெப்பத்தில் கரையச் சில ஆண்டுகள் எடுத்துக்கொள்கிறது. ஒரே குடும்பத்துப் பொருள்களுக்கே இவ்வளவு வேறுபாடு. எனவே ‘மக்கும்’ என்ற ஒற்றைச் சொல் எதையும் முழுமையாகத் தெரிவிப்பதில்லை.

பி.எல்.ஏ.யை நொதியால் உடைக்க முடியும் என்று காட்டியவரும் மருத்துவப் பொருள்களை ஆராய்ந்தவரே. இங்கிலாந்தின் டி. எஃப். வில்லியம்ஸ் 1981இல் புரோட்டினேஸ் கே என்ற நொதி அதைச் சிதைப்பதை வெளியிட்டார். கொரோனாக் காலத்தில் மூக்கிலிருந்து எடுத்த சளி மாதிரியைப் பல ஆய்வகங்களில் பரிசோதனைக்குப் பக்குவப்படுத்தப் பயன்பட்டதும் இந்த நொதிதான்.

அண்மை ஆண்டுகளில் இத்துறை வேகமாக வளர்ந்திருக்கிறது. 2021இல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் டிங் ஷூ என்ற அறிஞரின் குழு, நெகிழியை உருவாக்கும்போதே நொதியை அதற்குள் பொதிந்துவைத்தது. அவ்வாறு செய்த பி.எல்.ஏ., 50 பாகை வெப்பத்தில் ஆறே நாட்களில் சிதைந்தது. 2024இல் பிரான்சின் கார்பியோஸ் நிறுவனத்தைச் சார்ந்த ஆய்வாளர்கள் வெப்பம் தாங்கும் நொதியைப் பி.எல்.ஏ.யினுள் சேர்த்து, வீட்டு உரக்குழிக்குரிய மிதமான சூழலிலேயே 20 முதல் 24 வாரங்களில் அதை மக்கச் செய்தனர். கேப்சூலின் பூச்சுக்குள் நொதி காத்திருப்பதைப் போல, இங்கே நெகிழிக்குள் நொதி காத்திருக்கிறது.

அதே 2024இல் லண்டன் கிங்ஸ் கல்லூரி வேதியியலார் செய்தது எனக்கு இவற்றைவிட முதன்மையானதாகப் படுகிறது. துணி துவைக்கும் தூள்களில் சேர்க்கப்படும் ஒரு லைப்பேஸைத் திருத்தியமைத்து, பி.எல்.ஏ.யை முழுவதுமாக உடைத்தனர். வெப்பத்தை 90 பாகைக்கு உயர்த்தியபோது 24 மணி நேரமே போதுமானதாயிற்று. உரமாக்கும் கூடத்தில் பன்னிரண்டு வாரம் ஆகும் வேலை இது. உரக்குழியில் மக்கும் பையின் பெரும்பகுதி கரியமில வாயுவாகப் பறந்துவிடுகிறது. அதை உண்டாக்கச் செலவான கரும்பும் நீரும் உழைப்பும் அதோடு போய்விடுகின்றன. நொதித் தொட்டியிலோ பழைய கோப்பை மீண்டும் லாக்டிக் அமிலமாகிறது. அதிலிருந்து இன்னொரு கோப்பையைச் செய்யலாம். மறுசுழற்சி என்ற சொல்லுக்கு இதுவே பொருத்தமான பொருள் என்பேன்.

இவ்வளவும் உண்மையாயிருக்க, கொள்முதல் குழுவில் ஏன் தயங்கினேன்?

மேலே சொன்ன ஒவ்வொன்றிலும் வெப்பநிலை குறிப்பிடப்பட்டிருப்பதைக் கவனித்திருப்பீர்கள். ‘உரமாகக்கூடியது’ என்று ஒரு பைக்குச் சான்று வழங்க நடத்தும் ஆய்வில் அதை ஏறத்தாழ 58 பாகை வெப்பத்தில், ஈரமும் காற்றும் சீராக உள்ள உரத்தில் வைக்கின்றனர். ஆறு மாதத்துக்குள் அதன் கரிமத்தில் பத்தில் ஒன்பது பங்கு கரியமில வாயுவாக மாற வேண்டும். ஏன் 58 பாகை? பி.எல்.ஏ.யின் சங்கிலிகள் ஏறத்தாழ அந்த வெப்பத்தில்தான் இறுக்கம் தளர்கின்றன. அதற்குக் கீழே அவை உறைந்த நெய்போல் இறுகிக் கிடக்கும். நீரோ நொதியோ உள்ளே எளிதில் நுழைய இயலாது. கடலூரின் கத்திரி வெயில் நம்மை வாட்டுகிறது என்பது உண்மைதான். ஆயினும் தேவனாம்பட்டினம் கடற்கரை மணலுக்கு அடியிலோ, சிதம்பரத்துச் சாக்கடையிலோ, வெள்ளாற்று நீரிலோ மாதக்கணக்கில் 58 பாகை நிலவுவதில்லை.

நம் பகுதி அறிஞர் ஒருவரின் ஆய்வு இங்கே நினைவுக்கு வருகிறது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் பரங்கிப்பேட்டைக் கடல் உயிரியல் உயராய்வு மையத்தைச் சேர்ந்த பேராசிரியர் கதிரேசன், அலையாத்தி மண்ணில் வாழும் நுண்ணுயிர்கள் நெகிழியைச் சிதைக்கின்றனவா என்று ஆராய்ந்து 2003இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். உலகெங்கும் எடுத்துக்காட்டப்படும் கட்டுரை அது. ஆய்வகக் குடுவையில் ஒரே மாதத்தில் அஸ்பெர்ஜில்லஸ் வகைப் பூஞ்சை ஒன்று பாலித்தீனில் 28.80 விழுக்காட்டையும், சூடோமோனாஸ் வகைப் பாக்டீரியா 20.54 விழுக்காட்டையும் குறைத்ததாக அவர் பதிவு செய்தார். இந்த எண்கள் பலராலும் மேற்கோள் காட்டப்படுகின்றன. அதே கட்டுரையிலுள்ள இன்னோர் எண் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. அலையாத்தி மண்ணில் நேரடியாக வைத்த பாலித்தீன் பை ஒன்பது மாதத்தில் இழந்தது அதிகபட்சம் 4.21 விழுக்காடு, நெகிழிக் கோப்பை இழந்தது 0.25 விழுக்காடு. எடை குறைந்ததெல்லாம் நெகிழியே சிதைந்ததைக் குறிக்கும் என்றும் கொள்ள முடியாது. சேர்மானப் பொருள் கசிந்தாலும் எடை குறையும். குடுவைக்கும் சேற்றுக்கும் உள்ள இடைவெளி இவ்வளவு பெரியது. பிச்சாவரத்து வாய்க்கால்களில் வீசப்படுவது இதைவிட விரைவாகச் சிதையும் என்று நம்ப எனக்குக் காரணம் தெரியவில்லை.

அது பாலித்தீன், முடிச்சில்லாத கம்பி. மக்கும் பையின் நிலை என்ன? இங்கிலாந்தின் பிளிமத் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019இல் வெளியிட்ட முடிவு வியப்பளிப்பது. ‘உரமாகக்கூடியது’ என்ற பை கடல்நீரில் மூன்றே மாதத்தில் காணாமற்போயிற்று. அதே பை மண்ணுக்குள் 27 மாதங்களுக்குப் பிறகும் கிடந்தது; பொருளைத் தாங்கும் வலு மட்டும் போயிருந்தது. ‘மட்கும்’ என்ற பெயரில் விற்கப்பட்ட இன்னொரு வகைப் பையோ மூன்றாண்டுகள் மண்ணிலும் கடலிலும் கிடந்த பின்னும் கடைச்சாமான் சுமக்கும் அளவுக்கு உறுதியாக இருந்தது. இன்னொரு புறம், கலிஃபோர்னியக் கடலில் பி.எல்.ஏ. இழைத் துணி 400 நாட்களுக்கு மேலாகியும் சிதையவில்லை என்று 2023இல் ஓர் ஆய்வு காட்டிற்று. கடலில் எல்லாமே மக்காது என்று சொன்னால் தவறு. மக்கும் என்று சொன்னாலும் தவறு. எந்தப் பொருள், எந்த இடம், எத்தனை நாள் என்ற மூன்றையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

2024 மார்ச்சில் திருத்தப்பட்ட இந்திய நெகிழிக் கழிவு விதிகள் ஏறக்குறைய இதையே கேட்கின்றன. உரமாகக்கூடிய பையின் மீது, தொழிற்கூட உரமாக்கலில் மட்டுமே அது உரமாகும் என்று அச்சிட வேண்டும். மட்கும் நெகிழி என்றால் எத்தனை நாளில், எந்தச் சூழலில் மட்கும் என்று குறிப்பிட வேண்டும். மருந்து அட்டையில் அளவையும் வேளையையும் பார்ப்பதுபோல் இனிப் பையின் மீதும் இவ்வரியைத் தேடிப் பாருங்கள். அது இல்லாமல் பச்சை இலைப் படமும் ‘இயற்கை நண்பன்’ என்ற வாசகமும் மட்டும் இருந்தால் நம்ப வேண்டியதில்லை.

குடல் மருத்துவன் என்ற முறையில் இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். அந்த அம்மையாரின் கேள்வி அறிவியலாளர்களும் கேட்ட கேள்விதான். 2023இல் வெளியான ஓர் ஆய்வில், எலிகளின் வயிற்றுக்குள் சென்ற பி.எல்.ஏ. நுண்துகள்களைக் குடலின் லைப்பேஸ் மேலும் நுண்ணிய துணுக்குகளாக உடைத்தது தெரியவந்தது. அத்துணுக்குகள் குடலில் அழற்சியை உண்டாக்கின. எலிகளில் கண்டதை மனிதருக்கு அப்படியே பொருத்தக் கூடாது; இதைப் படித்துவிட்டு யாரும் அஞ்சி நடுங்கத் தேவையில்லை. ஆனாலும் ‘இது கிழங்குப் பைதானே, சூடான சாம்பாரை ஊற்றினால் என்ன?’ என்று கேட்போருக்கு, ஊற்றாதீர்கள் என்பதே என் விடை. வெப்பத்தில் இளகுவதற்கென்றே அமைந்த பொருளில் கொதிக்கும் குழம்பை வாங்கிவருவது பொருத்தமன்று. காகிதக் கோப்பையும் இதற்கு விலக்கன்று. அதன் உட்புறம் மெல்லிய நெகிழிப் பூச்சு உண்டு. சூடான நீரை அதில் 15 நிமிடம் வைத்தால் 100 மில்லி லிட்டரில் ஏறத்தாழ 25,000 நுண்துகள்கள் சேர்கின்றன என்று கரக்பூர் ஐ.ஐ.டி. ஆய்வாளர்கள் 2020இல் கண்டறிந்தனர். வார்டு வாசலில் ஆறிக்கொண்டிருக்கும் தேநீரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த எண்தான் நினைவுக்கு வருகிறது.

நெகிழியை உடைக்கும் திறன் எப்போதும் நன்மையே என்றும் சொல்வதற்கில்லை. மேலே குறிப்பிட்ட சூடோமோனாஸ் என்ற பெயரைக் கேட்டால் தீவிர சிகிச்சைப் பிரிவில் பணிபுரியும் எவரும் ஒரு கணம் நிமிர்ந்து பார்ப்பர். அக்குடும்பத்தின் ஓரினம் புண்களிலும் நுரையீரலிலும் கடும் தொற்றை உண்டாக்குவது; பல மருந்துகளுக்குக் கட்டுப்படாதது. 2025இல் லண்டன் புரூனல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், நோயாளி ஒருவரின் புண்ணிலிருந்து எடுத்த அவ்வகைப் பாக்டீரியா, பாலிகேப்ரோலாக்டோன் என்ற மக்கும் நெகிழியில் 78 விழுக்காட்டை ஒரே வாரத்தில் சிதைத்ததைக் காட்டினர். தையல் இழைகளிலும் உடலுள் பொருத்தும் சில கருவிகளிலும் பயன்படும் நெகிழி அது. சேற்றில் நாம் வேண்டி விரும்பும் திறன், அறுவைப் புண்ணில் நமக்கு எதிராகவும் திரும்பக்கூடும். இதை மேலும் ஆராய வேண்டியிருக்கிறது.

மீண்டும் நம் வளாகத்துக்கு வருவோம். தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பதினான்கு வகை நெகிழிப் பொருள்கள் 2019 சனவரி 1 முதல் தடை செய்யப்பட்டிருக்கின்றன. 2021 திசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கம் தொடங்கப்பட்டது. (மருத்துவமனைக்கு வருவோருக்கு இங்கே ஓர் எச்சரிக்கை: வார்டுகளில் உள்ள மஞ்சள் நிறப் பை கட்டுத்துணி, சதைத் துணுக்கு முதலிய தொற்றுக் கழிவுகளுக்கானது. மஞ்சப்பை என்று நினைத்து அதன் பக்கத்தில் சாப்பாட்டுப் பையை வைத்துவிட்டுப் போனவர்கள் உண்டு.) நம் வளாகத்திலிருந்து மக்கும் பையை மட்டும் தனியே பிரித்து உரக்கூடத்துக்குக் கொண்டுசெல்லும் வண்டி எதுவும் வருவதில்லை. அப்படியிருக்க அந்தப் பை எங்கே போகும்? மற்றக் குப்பையோடு கிடங்குக்குப் போகும். அல்லது சாக்கடை வழியே உப்பனாற்றுக்குப் போகும். அல்லது எவரேனும் தீ வைப்பார்கள். மறுசுழற்சிக்குச் செல்லும் தண்ணீர்ப் பாட்டில்களோடு அது கலந்துவிட்டால் அந்த நெகிழியின் தரத்தையும் கெடுக்கும். நொதி எவ்வளவு திறம் வாய்ந்ததாயினும் பொருள் அதனிடம் போய்ச் சேர வேண்டும். உணவுக்குப் பின் ஒரு மணி நேரம் கழித்துக் கேப்சூல் விழுங்கியவரின் நிலைதான் இங்கும்.

இதைவிடப் பெரிய கவலை ஒன்றும் உண்டு. ‘மக்கும்’ என்று எழுதியிருந்தால் எறிவதற்குக் கை கூசுவதில்லை. பாலித்தீன் பையை வெள்ளாற்றுக்குள் வீசும்போது இருக்கும் சிறு குற்ற உணர்வையும் அந்தச் சொல் போக்கிவிடுகிறது. பணமும் சற்றுக் கூடுதலாகக் கொடுத்து, மனநிறைவோடு வீசிவிடுகிறோம்.

ஆகவே குழுவில் நான் வைத்த கருத்து இதுதான். மருந்தகத்தில் மாத்திரை அட்டைகளுக்குக் காகித உறை போதும். பை வேண்டுமென்றால் துணிப்பை. உணவகத்தில் சூடான எதையும் எந்தப் பையிலும், மக்கும் பையிலும்கூடக் கட்டித் தரக் கூடாது. மக்கும் பையை ஒரே ஓரிடத்தில் ஏற்கலாம்: நம் சமையற்கூடத்துக் காய்கறிக் கழிவைச் சேகரிக்கும் தொட்டியில். அதுவும், அக்கழிவைச் சூடேறும் முறையில் உரமாக்கி, குவியலின் வெப்பத்தை நாள்தோறும் அளந்து குறித்துவைக்க ஒருவர் பொறுப்பேற்றால் மட்டுமே. நொதியால் பி.எல்.ஏ.யை மறுசுழற்சி செய்யும் ஆலை ஒன்று எட்டும் தொலைவில் அமைந்து, நம் கோப்பைகளைத் திரும்ப வாங்கிக்கொள்ள முன்வந்தால், என் எதிர்ப்பை அன்றே விலக்கிக்கொள்வேன். மருத்துவமனை போன்ற, வாயிலும் காவலும் உள்ள வளாகம்தான் அத்தகைய முறைக்கு மிகவும் ஏற்றது. கொடுத்ததைத் திரும்பப் பெற முடியும்.

குழுவில் இரண்டு மறுப்புகள் வந்தன. இரண்டுமே நியாயமானவை. நள்ளிரவில் காட்டுமன்னார்கோயிலிலிருந்து ஆம்புலன்சோடு ஓடிவரும் குடும்பம் டம்ளரும் தூக்குப் பாத்திரமுமா கொண்டுவரும் என்று செவிலியர் கண்காணிப்பாளர் கேட்டார். உண்மைதான், மாரடைப்பு வந்தவரை அழைத்துவருபவரிடம் எவர்சில்வர் பாத்திரம் எங்கே என்று கேட்பது மனிதத்தன்மை ஆகாது. அவர்களுக்கு உணவகமே ஒரு தூக்குப் பாத்திரத்தையும் டம்ளரையும் சிறு முன்பணத்துக்குக் கொடுத்து, வீடு திரும்பும் நாளில் பணத்தைத் திருப்பித் தரலாம். முன்பணமும் இல்லாதவர்க்கு உள்நோயாளர் அட்டையின் எண்ணைக் குறித்துக்கொண்டு கொடுக்கலாம். சில பாத்திரங்கள் திரும்பி வராமல் போகும். போகட்டும் என்பது என் எண்ணம். கணக்குப் பிரிவு இதை ஏற்கவில்லை.

மற்றொரு மறுப்பு தொற்றுத் தடுப்புப் பிரிவிலிருந்து வந்தது. பல வார்டுகளுக்குப் போய்வந்த பாத்திரத்தை மீண்டும் பயன்படுத்தினால் கிருமி பரவாதா? சோப்பிட்டுத் தேய்த்து, நன்கு கொதித்த நீரில் அலசி, முழுவதும் உலரவைத்தால் பொதுவார்டுகளுக்கு அச்சமில்லை. தனிமைப்படுத்தப்பட்ட நோயாளர்களுக்கு இம்முறை பொருந்தாது. அவர்களுக்கு இப்போதுள்ளபடியே ஒருமுறைக் கலங்கள் தொடர வேண்டும். அவர் முழுமையாக இசையவில்லை. பாத்திரம் கழுவும் இடத்தை நேரில் பார்த்துவிட்டு முடிவு சொல்வதாகக் கூறியிருக்கிறார்.

அடுத்த கூட்டம் வரும் மாதத்தின் முதல் வாரத்தில் நடைபெறும். பையைப் பிடித்து நடப்பவர்கள் நீங்கள். பாத்திரத்தைச் சுமப்பவர்களும் நீங்கள்தான். எனவே உங்கள் கருத்தையும் குழுவின் முன் வைக்க விரும்புகிறேன். மருந்தகத்தின் இடப்புறம் உள்ள பெட்டியில் எழுதிப் போடுங்கள். எழுத இயலாதவர்கள் வார்டுச் செவிலியரிடம் சொன்னால் அவர் எழுதித் தருவார். குறிப்பாக, இரவில் அவசரமாக வந்து சேர்ந்தவர்கள் அன்று எதில் தேநீர் வாங்கிக் குடித்தீர்கள், எது கிடைத்திருந்தால் உதவியாயிருந்திருக்கும் என்பதைத் தெரிவியுங்கள். அந்த அம்மையாரும் தம் கணவரின் அடுத்த பரிசோதனைக்கு அதே வாரத்தில்தான் வருகிறார். இந்த இதழில் ஒரு படி அவருடைய மகளுக்கென்று எடுத்துவைத்திருக்கிறேன்.